மாப்பிள்ளை சுத்தம் செய்த கம்ப்யூட்டர்

மல்லிகாவின் கம்ப்யூட்டரைப் பற்றிப் பிரணவுக்கு நல்ல அபிப்பிராயம் ஒரு நாளும் இருந்ததில்லை. கல்யாணமான புதிதில், புனேயில் போபோடிப் பக்கம் இருக்கும் மாமியார் வீட்டுக்கு முதல் விருந்துக்குப் போனபோதே அது அவன் கண்ணில் பட்டுவிட்டது. ஹால் மூலையில், ஒரு மேஜையின் மேல், பழைய புடவைத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பொத்தானை அழுத்திவிட்டு அடுப்பில் அரிசி வைத்தால், சோறு வடிக்கும்போதுதான் திரை தெளியும். தெளிந்த பிறகும் ஒரு கோப்பைத் திற என்றால் திறக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் திறக்கும். ஹிஞ்சவாடியில் பெரிய பெரிய சர்வர்களை எல்லாம் கட்டி மேய்க்கிற உத்தியோகம் பிரணவுக்கு. மாமியார் வீட்டிலேயே இப்படி ஒரு சவலை இருப்பது அவனுக்கு மானப் பிரச்சினையாக இருந்தது.

வேற வாங்கிடலாம் அத்தை என்று போகும்போதெல்லாம் சொல்லுவான். இருக்கட்டும் மாப்பிள்ளை, எனக்கு இதுவே போதும் என்று சமையலறை வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள் மல்லிகா. அதற்கு மேல் பேச்சு வளராது. வளர விடமாட்டாள்.

மல்லிகாவின் தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். அப்பாவும் அங்கேதான், புருஷனும் அங்கேதான். புருஷன் தவறிப்போய்ச் சில வருஷமாகிறது. அந்தக் குடும்பத்தில் மராத்தியும் இந்தியும் தண்ணீர் பட்ட பாடு. காய் வாங்குவது மராத்தியில், ரிக்‌ஷாக்காரனோடு சண்டை இந்தியில். ஆனால் மாப்பிள்ளை மரியாதை மட்டும் அன்றைக்கு ரயிலேறி வந்தது அப்படியே இருக்கிறது, ஒரு நூல் பிரியவில்லை. மாப்பிள்ளைக்கு முன்னால் உட்காரக் கூடாது. அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சாப்பிட வேண்டும். ஏதாவது வேண்டும் என்றால் மகளிடம் சொல்லி, மகள் அவரிடம் சொல்ல வேண்டும். நேராக நின்று இதைச் செய்யுங்கள், இதைச் செய்யாதீர்கள் என்று மாப்பிள்ளையிடம் சொல்வதாவது! அவள் அம்மா சொன்னதில்லை, அவளும் சொல்லமாட்டாள்.

அந்தக் கம்ப்யூட்டரில் மல்லிகா என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதும் அதனால்தான் பிரணவுக்குத் தெரியாமலே போனது. அவள் ஒரு மராத்தி நாவலைத் தமிழாக்கிக்கொண்டிருந்தாள். கரும்பு வெட்டப் போகும் பெண்களைப் பற்றிய கனமான நாவல். கோயம்புத்தூரில் ஒரு பதிப்பகம் முதல் இரண்டு அத்தியாயங்களை மாதிரிக்கு வாங்கிப் படித்துவிட்டு, முழுசும் செய்து கொடுங்கள், நாங்கள் போடுகிறோம் என்று சொல்லியிருந்தது. புருஷன் போன மறுவருஷம் ஆரம்பித்தது, கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டது. மகள் அம்முவுக்கே அம்மா ஏதோ டைப் அடிக்கிறாள் என்ற அளவுக்குத்தான் தெரியும். அச்சாகி வந்ததும் புத்தகமாகக் கையில் கொடுத்துக்கொள்ளலாம், அதற்கு முன்னால் மாப்பிள்ளையிடம் போய் நான் நாவல் மொழிபெயர்க்கிறேன் என்று சொல்ல அவளுக்கு வெட்கம்.

கணபதி விசர்ஜனம் முடிந்த வாரம் கம்ப்யூட்டர் படுத்தே படுத்துவிட்டது. ஒரு பத்தி அடித்தால் நின்றுவிடும். அணைத்துப் போட்டால் மறுபடி சோறு வடிக்கிற கதை. கடைசி அத்தியாயம் கண்ணெதிரே நிற்கிறது, கை போய்த் தொட முடியவில்லை. வேறு வழி இல்லாமல் மகளிடம் சொன்னாள். அம்மு புருஷனிடம் சொன்னாள். பிரணவுக்கு வாயெல்லாம் பல்.

சனிக்கிழமை காலையில் காரில் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டான். கிளம்பும்போது, உள்ளே இருக்கிறதெல்லாம் வேணுமா அத்தை என்று கேட்கத்தான் செய்தான். கேட்கவில்லை என்று யாரும் அவன்மேல் பழி போட முடியாது. மல்லிகா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "முக்கியமானதை வெச்சுக்கிட்டு மத்ததைக் கழிச்சிடுங்க மாப்பிள்ளை, உங்களுக்குத் தெரியாததா" என்றாள்.

அவனுக்குத் தெரியாததுதான். புனேயிலேயே பிறந்து, இந்தியிலும் ஆங்கிலத்திலும் படித்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், அதுவும் தட்டுத் தடுமாறி. எழுதப் படிக்கச் சுத்தமாக வராது. கடைப் பலகையில் தமிழைப் பார்த்தால் அது தமிழ் என்று தெரியும், அவ்வளவுதான் அவன் சங்கதி.

வாக்கடில் தன் ஃபிளாட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்தான். காற்றாடியில் அப்பிக்கிடந்த தூசியை ஊதித் தள்ளினான். ப்ராசஸரில் காய்ந்து பொருக்காகிக் கிடந்த பசையைச் சுரண்டிவிட்டுப் புதுசு தடவினான். ரேம் கூட்டினான். பழைய ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் ஓடினால் நொண்டத்தான் செய்யும் என்று புதிதாக ஒரு வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டு, அதில் எல்லாவற்றையும் புதுசாக ஏற்றினான். பழைய டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் சொருகி, வைத்துக்கொள்ள வேண்டியதைப் பொறுக்கினான். போட்டோக்கள், பாட்டுகள், மாமனாரின் பென்ஷன் பேப்பர்கள், எல்லாம் ஒழுங்காக வந்தன. மிச்சம் கிடந்தது ஒரே குப்பை. கோப்பின் பெயரே கோணல்மாணலாக இருந்தது. ஆங்கில எழுத்து, நடுவில் அரைப்புள்ளி, பிறகு ஒரு அடைப்புக்குறி, உயிரெழுத்தே இல்லாத சொற்கள். திறந்தால் உள்ளேயும் பக்கம் பக்கமாக அதுதான். நூற்றுக்கணக்கில் கிடந்தன. பிரணவ் சிரித்துக்கொண்டான். வைரஸ் தின்னு போட்டிருக்கு பார், இதைச் சுமந்துகிட்டு மெஷின் எப்படி ஓடும் என்று அம்முவைக் கூப்பிட்டுச் சொன்னான். அம்மு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், எட்டிப் பார்க்கவில்லை. அவன் டிஸ்க்கை முழுசாக அழித்தான். காலியாக இருப்பானேன் என்று அத்தைக்குப் பொழுது போகட்டும் என்ற நல்லெண்ணத்தில் கல்யாண வீடியோவையும் பழைய படங்களையும் அது கொள்ளுமட்டும் ஏற்றி நிரப்பி, அதையும் பெட்டிக்குள்ளேயே திரும்ப மாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கொண்டுபோய் மாட்டினான். பொத்தானை அழுத்தினான். மல்லிகா பழக்க தோஷத்தில் சமையலறைப் பக்கம் திரும்பினாள், அதற்குள் திரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எதிர்வீட்டுப் பவுனு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள், அணைத்துவிட்டு மறுபடி போட்டுக் காட்டினாள். எங்க மாப்பிள்ளை கை வெச்சார்னா அப்படித்தான் என்று பவுனு அக்காவிடம் சொன்னது அவன் காதில் விழுந்தது. அன்றைக்கு மட்டன் குழம்பு. எலும்பில் ஒட்டிய நல்ல துண்டாகப் பார்த்துப் பார்த்து அவன் தட்டில் போட்டாள். பிரணவ் ராஜா மாதிரி சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டு, வீடு வந்து சேர்ந்தான்.

மறுநாள் சாயங்காலம் அம்மு போனும் கையுமாக வந்து நின்றாள். அம்மா ஏதோ ஃபோல்டர் காணோம் என்கிறாள், மாப்பிள்ளை எங்கே எடுத்து வைத்திருக்கிறார் என்று கேட்கச் சொன்னாள் என்றாள். என்ன ஃபோல்டர் என்றான் பிரணவ். அப்போதுதான் அம்மு சொன்னாள். அம்மா கட்கி பஜாரில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தவள். அங்கேயிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் அவள்தான் அடிப்பாள். அச்சகத்தை மூடியபோது முதலாளி அந்த மெஷினை அவளுக்கே கொடுத்துவிட்டார். அதிலிருந்த பழைய தமிழ் எழுத்துருவிலேதான் அவள் இன்றைக்கும் அடிக்கிறாள். "அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல பாத்தா தமிழாவே தெரியாது, ஏதோ ஏபிசிடியும் செமிகோலனுமா கொட்டிக் கிடக்கும்" என்றாள் அம்மு. "பேரும் அப்படித்தான் இருக்கும். அம்மாவுக்கு அது பழகிப்போச்சு, பாத்ததும் படிச்சிடுவா. அம்மா ஒரு நாவல் மொழிபெயர்த்திருக்காளாம், பிரணவ். இப்பத்தான் என்கிட்டயே வாயைத் திறக்கறா."

அரைப்புள்ளிகள் பக்கம் பக்கமாகப் பிரணவின் கண் முன்னால் ஓடின. நல்லவேளையாக அம்மு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேடிப் பார்க்கணும், எங்கேயாவது இருக்கும் என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கேட்டிருந்தால் என்ன? ஒரே ஒரு கோப்பை அம்முவிடம் காட்டி இது என்ன என்று கேட்டிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்? தெரியாது என்ற வார்த்தை அவன் உத்தியோகத்துக்கு ஆகாத வார்த்தை, அதுதான் வினை.

அடுத்த நாள் கம்ப்யூட்டரில் ஏதோ அப்டேட் பாக்கி இருக்கிறது என்று பொய் சொல்லிப் பழைய டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வந்தான். அழிந்த தகவலை மீட்டுக் கொடுக்கும் கடை ஒன்று தெரிந்தவர் சொன்னார். அங்கே கொடுத்துவிட்டு, அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் வேண்டாத தெய்வம் இல்லை. கடைக்காரர் கூப்பிட்டு, அழித்ததோடு விட்டிருந்தால் முக்கால்வாசி வந்திருக்கும், அதன்மேல் நீங்கள் இவ்வளவு வீடியோ ஏற்றினதில்தான் எல்லாம் போச்சு என்றார். வந்த கொஞ்சத்தை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

இணையத்தில் அந்த எழுத்துருவைத் தேடிப் பிடித்து மாட்டினான். அரைப்புள்ளிகள் எல்லாம் உருண்டு திரண்டு தமிழாகிவிட்டன. ஆனால் அவனுக்கு அதைப் படிக்கத் தெரியாதே! படமெடுத்துச் சிஞ்ச்வடில் இருக்கும் தன் அம்மாவுக்கு அனுப்பி, என்ன எழுதியிருக்கிறது என்று போனில் கேட்டான். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, யாரோ ஒரு குமாரசாமி மகளுக்கும் யாரோ ஒரு எத்திராஜு மகனுக்கும் கல்யாணம், மணமக்களை வாழ்த்தியருள வேண்டுமாம் என்று படித்தாள். அடுத்ததை அனுப்பினான். அது காதுகுத்து. அதற்கடுத்தது தீமிதி நோட்டீஸ். என்றைக்கோ நடந்து முடிந்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளும் காலேஜ் போய்க்கொண்டிருக்கிற கல்யாணங்கள் எல்லாம் பத்திரமாகத் திரும்பி வந்திருந்தன. கரும்பு வெட்டப் போன பெண்களில் ஒருத்தியும் வரவில்லை.

அம்மாவிடம் விஷயத்தைக் கொட்டினான். அவள் பதறிவிட்டாள். மாமியார் வீட்டில் மாப்பிள்ளை தலைகுனிந்து நிற்பதா, பழைய மெஷின், அதுவே கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடு, பிரித்துப் பார்க்கவா போகிறார்கள் என்றாள். பிரணவுக்கும் அந்த நேரத்தில் அப்படி யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் இருந்தது.

அம்முவிடம் முதலில் சொன்னான். ஹார்டு டிஸ்க் பழசு, அந்த இடம் மட்டும் பூச்சி அரித்த மாதிரி போயிருக்கிறது, நான் தொடுவதற்கு முன்னாலேயே போய்விட்டது என்றான். அம்மு நம்பினாள். நம்பாமல் என்ன, அவன் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொன்னால் அந்த வீட்டில் வேதவாக்கு. பிறகு இரண்டு பேருமாகப் போபோடிக்குப் போய் மல்லிகாவிடம் சொன்னார்கள். அவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்துக்கொண்டு போனான். அவள் சமையலறை வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை அத்தனை தடவை மாத்தலாம் மாத்தலாம்னு சொன்னாரே, நான்தான் கேக்கலை, எல்லாம் என் புத்தி என்றாள். அதோடு விட்டாளா? நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க மாப்பிள்ளை, உங்களால ஆனதைச் செஞ்சீங்க என்று அவனுக்கே ஆறுதல் சொன்னாள். பிரணவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் பிடுங்கிக்கொள்ளவில்லை. சரி அத்தை என்றான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போவதே அவனுக்குத் தண்டனையாகிவிட்டது. மல்லிகா மூன்றாவது அத்தியாயத்திலிருந்து மறுபடி அடிக்க ஆரம்பித்திருந்தாள். முதல் இரண்டுதான் பதிப்பகத்திடம் இருந்ததே. கம்ப்யூட்டர் இப்போது நொடியில் விழித்துக்கொள்கிறது, அவள்தான் மெதுவாகிவிட்டாள். ஒரு வரி அடித்துவிட்டு, முன்னால இதை வேற மாதிரி எழுதியிருந்தேனே, நல்லா வந்திருந்துதே, என்ன வார்த்தை அது என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வாளாம். வார்த்தை கிடைக்காவிட்டால் பெட்டியை ஒரு தட்டுத் தட்டி, பாவி, தின்னுட்டு உக்காந்திருக்கியே என்று திட்டுவாளாம். அம்மு இதைச் சிரித்துக்கொண்டே வந்து சொல்வாள். பிரணவ் சிரிக்க முயன்று, முடியாமல், பால்கனிக்கு எழுந்து போவான். தூக்கத்தில் புரண்டுகொண்டே இருக்கிறாயே, ஆபீசில் ஏதாவது பிரச்சினையா என்று அம்மு கேட்க ஆரம்பித்தாள்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. அம்முவுக்கு அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் ஏதோ பயிற்சி, அதனால் முறுக்குச் சுட்டு வைத்திருப்பதை வாங்கி வரப் பிரணவ் மட்டும் போபோடிக்குப் போனான். சாப்பிடாமல் விடுவாளா மல்லிகா. தட்டு வைத்துச் சோறு போட்டு சாம்பார் ஊற்றினாள். அவன் பிசையும்போது அவள் போன் அடித்தது. கோயம்புத்தூர்ப் பதிப்பகம். ஒரு கையில் கரண்டியோடு சன்னல் பக்கம் போய்ப் பேசினாள். வீடு எவ்வளவு பெரிசு, ஒரு வார்த்தை விடாமல் அவனுக்குக் கேட்டது.

மூல ஆசிரியர் கொடுத்த அனுமதி இந்த வருஷத்தோடு முடிகிறது. அதற்குள் புத்தகம் வந்தாக வேண்டும். மும்பையில் வேறொருவர் வேகமாக முடித்துத் தருகிறேன் என்கிறார். நாங்கள் அவரிடம் கொடுத்துவிட்டோம், நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. அந்தப் பக்கத்திலிருந்து இதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று மல்லிகாவின் பதில்களிலிருந்தே தெரிந்தது. அவள் ஒரு தடவைகூடக் கெஞ்சவில்லை. "தப்பு என்னோடதுதான் மேடம்" என்றாள். "மாப்பிள்ளை தலையால அடிச்சிக்கிட்டார் புதுசு வாங்குங்கன்னு. நான்தான் அசட்டையா இருந்துட்டேன். உங்களையும் காக்க வெச்சிட்டேன், மன்னிச்சிக்குங்க." போனை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். திரும்பி வந்து, இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தட்டுமா மாப்பிள்ளை என்று கேட்டாள்.

பிரணவ் வாயிலிருந்த கவளத்தை விழுங்கினான். அவனுக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் அந்த நேரத்தில் ஓடி ஒளிந்துகொண்டது.

"அத்தை, மெஷின் கெடலை" என்றான். "நான்தான் அழிச்சேன். எனக்குப் படிக்கத் தெரியலை. கசரான்னு... குப்பைன்னு நினைச்சு அழிச்சிட்டேன். அப்புறம் பயந்து பொய் சொன்னேன்."

மல்லிகா கரண்டியைச் சட்டியில் வைத்தாள். அவனையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அவன் முகத்தை அப்படி நேராகப் பார்த்ததே கிடையாது. பவுனு அக்கா வீட்டில் குக்கர் விசில் அடித்தது, அடங்கியது. அவனால் தாங்க முடியவில்லை, "என்னைத் திட்டுங்க அத்தை" என்றான். சொல்லும்போதே அழுதுவிட்டான். வேலை பார்க்கிற, தாடி வைத்த ஆண்பிள்ளை, எச்சில் கையோடு உட்கார்ந்து அழுதான்.

"எப்படிங்க திட்டறது?" என்றாள் மல்லிகா. "இத்தனை நாளா அந்தப் பெட்டியைத் திட்டிக்கிட்டிருந்தேன். என்னையும் திட்டிக்கிட்டேன். ரெண்டையும் வாய்க்கு வந்தபடி திட்டலாம், யாரும் கேக்க மாட்டாங்க. மாப்பிள்ளையைத் திட்டறதுக்கு எனக்கு வாய் இல்லையே."

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அம்முவிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன், அவள் என்ன செய்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்றான். மல்லிகா அவசரமாகத் தலையை ஆட்டினாள்.

"வேணாம். அவ கோவக்காரி. வருஷக்கணக்கா மனசுல வெச்சிருப்பா, சொல்லிச் சொல்லிக் காட்டுவா. என் பொண்ணு உங்ககூட வாழணும். எனக்கென்ன, ஒரு புஸ்தகம்தானே."

புஸ்தகம்தானே என்று சொன்னபோதுதான் அவளுக்கு உடைந்தது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உள்ளே குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள், தண்ணீர் கொட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிரணவ் கையலம்ப எழுந்திருக்கவும் முடியாமல், சாப்பிடவும் முடியாமல், கை காயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். குழாய் நின்ற பிறகு முறுக்கு டப்பா இரண்டும் ஒரு பையில் வாசலுக்கு வந்தன. எண்ணெய் கசியும், நிமித்தியே வெச்சி எடுத்திட்டுப் போங்க மாப்பிள்ளை என்ற குரல் மட்டும் சமையலறையிலிருந்து வந்தது.

அவன் வீட்டுக்கு வந்தபோது அம்மு பயிற்சி முடிந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு முறுக்கை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு, அம்மா எப்படி இருக்கிறாள், இன்னும் அந்தப் பெட்டியைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாளா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

ஆமாம் என்றான் பிரணவ்.